நாலரை முதல் ஆறு வரை திடீர்

1

இரணியல் ரயில் நிலையத்துக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன். ஷூவின் நாடா இரண்டும் கட்டப்படாமல் தார் ரோட்டில் இழுபட்டு வந்தன. சட்டைப் பையில் செல்போன். கையில் ஒரு பொதி ஏத்தவாழைக்காய் சிப்ஸ். என் மனைவி, மகள், பாஸ்போர்ட், மாற்றுச் சட்டை, பல் தேய்க்கும் பிரஷ் எல்லாம் ரயிலில் கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தன. கொச்சியில் ஒரு சொகுசுக் கப்பல் நின்றது. அதில் எங்கள் மூன்று பேருக்கும் இடம் போட்டிருந்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்கு மகள் செய்த ஏற்பாடு.

அதே ரயிலில் என் அக்காவும் நான்கு சொந்தக்காரப் பெண்களும் டிக்கெட் இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் வழியனுப்ப வந்தவர்கள்.

பின்னாலிருந்து ஒரு வேன் ஹாரன் அடித்தது. அக்காவின் கணவர், எங்கள் அத்தான், ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுக் கத்தினார்.

"ஏ மக்கா, வண்டியில ஏறு! குழித்துறைக்குப் போயி ஒனக்க அக்காளப் பிடிப்போம்!"

"நீங்க போங்க அத்தான்."

"நீ எங்க போற?"

"நடக்கேன்."

"அதாம்லே, எங்க நடக்க?"

ஐம்பத்து மூன்று வயதுக்குள் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. யாருக்கும் நான் பதில் சொன்னதில்லை. மறைப்பதற்காக அல்ல. எனக்கே தெரியாது.

2

நான் எட்டாம் வகுப்பு வரை ஒழுங்காகவும், ஒன்பதாம் வகுப்பில் அவ்வப்போதும் படித்தவன். பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போனேன். கோபித்துக்கொண்டு போகவில்லை. நாகர்கோவிலுக்கு உரம் வாங்கப் போன இடத்தில் பம்பாய் ரயில் நின்றது, ஏறிவிட்டேன். பம்பாயில் சலவைக்கூடம். பஹ்ரைனில் கம்பி கட்டும் வேலை. பிறகு ஒரு கப்பலின் அடித்தட்டில் திரும்பவும் சலவை. நடுவில் கிரேஸைக் கல்யாணம் செய்தேன். மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், நர்ஸ். அவளுக்கு அயர்லாந்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. நானும் ஒட்டிக்கொண்டேன். இருபது வருடமாக அங்கே தென்கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் இருக்கிறோம். அங்கே மழை பெய்யாத நாளை 'நல்ல நாள்' என்பார்கள். கொஞ்சமாகப் பெய்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த ஊரில் வேலை தேடித் தரும் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'முன்பு பார்த்த வேலைகள்' என்று போட்டு நான்கு கோடு. நான் இன்னொரு தாள் கேட்டேன். பிறகு இன்னும் ஒன்று. ஒவ்வொரு வேலைக்கும் நேராக 'விலகிய காரணம்' என்று ஒரு கட்டம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாக் கட்டத்திலும் 'நடந்துவிட்டேன்' என்று எழுதி வைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் மூன்று தாளையும் படித்துவிட்டு, காலில் ஏதாவது வலியா என்று பரிவோடு கேட்டாள்.

"கால் நன்றாக இருக்கிறது. அதுதான் கஷ்டம்" என்றேன்.

அவள் என்னைத் துறைமுக மேடையைப் பெருக்க அனுப்பினாள். கோடைக்காலத்தில் வாரத்துக்கு மூன்று நான்கு சொகுசுக் கப்பல்கள் வரும். பயணிகள் ஆறு மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு வந்து ஏற வேண்டும். நேரம் தப்பியவர்கள், கையில் வாங்கிய பைகளோடு, மேடையின் விளிம்பில் நின்று கப்பலின் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். அவர்களை ஊர்க்காரர்கள் டீக் கோப்பையோடு நின்று பார்ப்பார்கள். நானும் துடைப்பக் கம்பின்மேல் தாடையை ஊன்றிச் சிரித்திருக்கிறேன். நான் பார்த்த வேலைகளில் அதிக நாள் நின்றது இதில்தான். பதினாலு மாதம்.

3

கிரேஸ் சண்டை போடுகிறவள் அல்ல. இரவுப் பணி பார்த்துப் பார்த்து அவளுக்குக் குரலை உயர்த்தும் பழக்கமே போய்விட்டது.

கல்யாணத்தன்று பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, ஜெனரேட்டர் கொண்டுவந்த லாரிக்காரனோடு பேச்சுக் கொடுத்து அப்படியே ஏறித் தக்கலை வரை போய்வந்தேன். மகள் ஷைனி பிறந்தபோது நான் எந்தக் கடலில் இருந்தேன் என்று சரியாகச் சொல்ல முடியாது. அயர்லாந்தில் ஒருநாள் காலையில் பால் வாங்கப் போனேன். வழியில் நண்டு ஏற்றும் வண்டிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மூன்றாம் நாள் பாலோடு வீட்டுக்கு வந்தேன். கிரேஸ் வாங்கி மோந்து பார்த்தாள்.

"கெட்டுப்போச்சு" என்றாள். பாலைத் தொட்டியில் கொட்டினாள்.

ஷைனி கப்பலுக்கு இடம் போட்ட அன்று, கிரேஸ் வேலை முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். ஒத்த ரூம்."

"ஆருக்கு?"

"எனக்கு. இந்தப் பயணத்தில மூணு பேரும் ஒண்ணாக் கப்பல் ஏறணும், ஒண்ணா எறங்கணும். எடையில நீங்க எங்கயாவது நடந்தியன்னா நான் அங்க மாறிக்கிடுவேன். சண்டை ஒண்ணும் இல்ல, கேட்டியளா."

"நடக்க மாட்டேன் கிரேஸ்."

"சொல்லாண்டாம். நில்லுங்க, போதும்."

அன்றைக்கு என் காலில் ஒரு குளிர் ஏறியது. அயர்லாந்துக் குளிர் இல்லை.

ஷைனிக்கு வயது இருபத்திரண்டு. ஒரு மருந்துக் கம்பெனியில், மற்றவர்கள் எந்த நேரத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று கட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை. தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் யாரிடமோ கடன் வாங்கியதுபோல் பத்திரமாகப் பேசுவாள். பயண நிறுவனம் வேண்டாம், வழிகாட்டி வேண்டாம், முதல் ஒரு வாரம் நாமே சொந்தமாக நாஞ்சில் நாட்டைச் சுற்றுவோம், பிறகு கப்பல் என்று முடிவு செய்தவள் அவள்தான். போனில் கால அட்டவணையைக் காட்டினாள். நீலக் கட்டம் சொந்தக்காரர் வீடு. மஞ்சள் சாப்பாடு. நடுநடுவே பச்சைக் கட்டங்கள்.

"இது என்ன மக்கா?"

"திடீர், அப்பா."

"திடீரா?"

"செவ்வாய் நாலரைலருந்து ஆறு வரை திடீர். புதன் ஏழுலருந்து ஒன்பது வரை திடீர். அப்ப என்ன தோணுதோ அதைச் செய்யலாம். பாறை ஏறலாம், படகுல போகலாம், சும்மா நடக்கலாம். உங்களுக்காகத்தான் போட்டேன். உங்க இஷ்டப்படி எங்க வேணும்னாலும் போங்க. ஆனா கட்டத்துக்குள்ள."

என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அவ்வளவு அன்பாகச் செய்து தந்ததில்லை. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

4

தவறு ஷைனியுடையது என்று சொல்ல முடியாது. மரியாதைக்காக அந்த அட்டவணையை அவள் அத்தைக்கு அனுப்பினாள். அத்தை என்றால் என் அக்கா செல்லம். இரணியலுக்குப் பக்கத்தில் வீடு. முப்பத்து நான்கு வருடம் டீச்சராக இருந்தவள். அட்டவணை என்றால் அதை நிறைவேற்றித்தான் தீருவாள். உடனே என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே, இதில பச்சையா இருக்கே, அது என்னது?"

"அது ஒண்ணும் இல்லக்கா. திட்டம் இல்லாம, தோணுன நேரத்தில தோணுன எடத்துக்குப் போறது."

"சரி. எப்பம் தோணும்?"

"அது தெரியாதுக்கா. தோணும்போதுதான் தோணும்."

"அது பற்றாது கேட்டியா. எப்பம் தோணும்னு முன்னக்கூட்டிச் சொல்லணும்லா? சோறு வைக்காண்டாமா?"

எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டில் சாயா குடித்துவிட்டு அடுத்த வீட்டைத் தாண்டிப் போனால், அது மூன்று கல்யாணம் வரைக்கும் பேசப்படும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்றால் கூடுதலாக ஒரு சவ அடக்கம் வரைக்கும். ஒரு வாரத்தில் எல்லா வீட்டுக்கும் போக முடியாது என்பதை அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். எல்லா வீட்டையும் எங்களிடம் கொண்டுவருவது என்று தீர்மானித்தாள். அட்டவணை குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு, எங்கே போகிறோம் என்று யாரிடமும் சொல்லாமல், ஆட்டோவில் ஏறிய பிறகு, "முட்டம் பாறைக்குப் போகலாமா?" என்றாள் ஷைனி. குரலில் அப்படி ஒரு குறும்பு. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டார்.

முட்டத்தில் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிப் பாறைக்கு இறங்கினோம். பாறையில் நான்கு பாய் விரித்திருந்தது. இருபத்தொரு பேர். பெரிய அண்டாவில் மரச்சீனிக் கிழங்கு, மூடியிட்ட சட்டியில் சாளை மீன் கறி, மூன்று பிளாஸ்கில் சாயா. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அஞ்சு நிமிசம் லேட்டு" என்றாள்.

"அத்தை, நாங்க இங்க வருவோம்னு எப்படித் தெரியும்?" என்றாள் ஷைனி.

"அயர்லாண்டுலருந்து வாறவிய எல்லாரும் மொதல்ல முட்டத்துக்குத்தான் வருவாவ பிள்ளே. கொமரிமுனைக்கு நேரம் பற்றாது, மலைக்கு அட்டை கடிக்கும். இரி, கெழங்கு ஆறிப்போவும்."

அத்தான் எழுந்து நின்று, எதிர்பாராத இந்தச் சந்திப்புக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லி ஏழு நிமிடம் ஜெபித்தார். கடல் காற்றில் ஒரு பாய் பறந்து போயிற்று. எல்லோரும் கண்ணை மூடியிருந்ததால் அதை நான் மட்டும் பார்த்தேன். பிடிக்கப் போகவில்லை. போனால் பாயோடு நானும் போய்விடுவேன் என்று கிரேஸ் நினைப்பாள்.

புதன்கிழமைத் திடீர், குளச்சலில் படகுச் சவாரி. எங்கள் படகுக்குப் பின்னால் இரண்டு படகு நிறையச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஒரு சித்தி குடை பிடித்திருந்தாள். நடுக்கடலில் பக்கத்தில் வந்து, படகிலிருந்து படகுக்கு ரசவடை கொடுத்தார்கள். வியாழக்கிழமைத் திடீரில் ஒரு கல்யாண நிச்சயத்தையே சேர்த்துவிட்டார்கள்.

5

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் ஷைனி எங்களைத் தட்டி எழுப்பினாள். செல்போனை அணைத்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

"அப்பா, கட்டம் இல்லாத திடீர். இப்பவே. வாங்க."

அக்கா வீட்டுப் பின்கதவு வழியாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் வெளியே வந்தோம். மெயின் ரோட்டில் முதலில் வந்த பஸ்ஸில், போர்டைப் பார்க்காமல் ஏறினோம்.

"எங்க?" என்றார் கண்டக்டர்.

"கடைசி ஸ்டாப்பு, மூணு."

"எந்தூரு?"

"அதான், கடைசி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கிரேஸைப் பார்த்தார். பிறகு ஷைனியின் முதுகுப் பையைப் பார்த்தார்.

"நீங்க செல்லம் டீச்சருக்க தம்பில்லா? அயர்லாண்டு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏழாங்கிளாஸ்ல டீச்சர் எனக்குக் கணக்கு எடுத்தாவ. அடிச்ச அடி இப்பமும் ஓர்மையுண்டு." மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொண்டே செல்போனை எடுத்தார். கெஞ்சினேன். "இல்ல சார், நாளைக்கித் தெரிஞ்சா டீச்சர் என்னச் சும்மா விடமாட்டாவ" என்றார். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும்.

கடைசி ஸ்டாப் மலையடிவாரம். சுற்றிலும் ரப்பர் மரம், ஒரே ஒரு டீக்கடை. கடைக்கு முன்னால் ஒருவர் தட்டில் மூன்று கண்ணாடி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர் விளிச்சாவ. பிள்ளைக்குச் சீனி கொறச்சு போடச் சொன்னாவ."

ஷைனி அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கிரேஸ் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு டீக்கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. "என்னால ஏலாது, என்னால ஏலாது" என்று என் தோளில் தலையை முட்டினாள். எங்கள் சமையலறையில் அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அங்கே அவள் வரும்போது நான் போவேன், நான் வரும்போது அவள் தூங்குவாள்.

மழை தூறியது. டீக்கடைக்காரர் பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டார். இரண்டு மணி நேரம் மூன்று பேரும் அங்கே சும்மா இருந்தோம். எனக்கு ஒருமுறைகூட எழுந்து போகத் தோன்றவில்லை. அதைக் கவனித்ததும் எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

6

திங்கட்கிழமை காலை. கொச்சி ரயில் இருபது நிமிடம் தாமதம் என்று அறிவித்திருந்தார்கள். இரணியலில் அது இரண்டு நிமிடம்தான் நிற்கும்.

எங்கள் சபைக்காரர்கள் பயணம் கிளம்புகிற யாரையும் ஜெபம் பண்ணாமல் அனுப்ப மாட்டார்கள். நாகர்கோவிலுக்குப் பல் பிடுங்கப் போகிறவனுக்கே அரை நிமிடம் உண்டு. கப்பலுக்கு எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். அத்தான் இருபது நிமிடத்துக்குத் தக்க ஒரு ஜெபத்தை மனதில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ரயிலோ வழியில் எங்கோ வேகம் பிடித்து, அட்டவணை நேரத்துக்கே வந்து நின்றுவிட்டது.

பன்னிரண்டு பொதி இருந்தது. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, நெத்திலிக் கருவாடு, நார்த்தங்காய் ஊறுகாய், கப்பல் கேப்டனுக்கென்று ஒரு முழுச் சக்கை, அதுதான் பலாப்பழம். கிரேஸும் ஷைனியும் ஏறினார்கள். பொதிகளை சீட்டுக்கு அடியில் அடுக்கவும், பக்கத்து சீட்டுக்காரர்களிடம் இவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும் அக்காவும் நான்கு பெண்களும் ஏறினார்கள். கடைசிப் பொதியான சிப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் படியை நோக்கிப் போனேன். அத்தான் என் வலது கையைப் பிடித்தார். அவர் ஜெபத்துக்குப் பிடித்தால் ஆமென் வரை விடமாட்டார்.

"அத்தான், வண்டி எடுத்துருவான்."

"ஒத்த வார்த்தை மக்கா." என் காலைப் பார்த்தார். "களத்து அத."

ஜெபத்தில் செருப்போடு நிற்பது அவருக்கு ஆகாது. காலில் இருந்தது ஷைனி வாங்கித் தந்த மலையேறும் ஷூ. ஒற்றைக் கையால் நாடாவை அவிழ்த்துக் கழற்றி வைத்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் ஜெபத்தில் கண்ணை மூடியதில்லை. எல்லோரும் கண்ணை மூடியிருக்கும் நேரம்தான் நழுவிப் போக வசதி. ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே அப்படித்தான் வெளியேறினேன். கிரேஸுக்கு இது தெரியும். வீட்டு ஜெபத்தில் ஒரு கண்ணை என்மேல் வைத்துக்கொண்டுதான் அவள் இன்னொரு கண்ணை மூடுவாள்.

அன்று நான் மூடினேன். ஏனென்று கேட்டால், மலையடிவார டீக்கடைதான் காரணம். கேட்பதற்கு எனக்கு ஒன்று இருந்தது. இந்த ஒரு தடவை என் கால் நிற்கட்டும் என்று கேட்டேன்.

அத்தான் ரயில் ஓட்டுநரில் தொடங்கினார். கப்பல் கேப்டனுக்கும் அவர் மனைவி மக்களுக்கும் வந்தார். சமையல்காரர்களுக்கு நல்ல புத்தியையும், கடலுக்கடியில் இருக்கிற பாறைகளுக்கு விலகிப் போகும் மனதையும் கேட்டார். ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டு, உள்ளே இருந்த பெண்களும் இருந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார்கள். சக்கரம் உருளும் சத்தம் என் காதில் விழுந்தது. அடுத்த பாதையில் சரக்கு வண்டி போகிறது என்று நினைத்தேன்.

ஆமென் என்று கண்ணைத் திறந்தால் எதிரே தண்டவாளம்.

"வண்டி எங்கலே?" என்றார் அத்தான்.

"போச்சு."

"செல்லம்?"

"அவளும்."

"அய்யோ, டிக்கெட் எடுக்கலியே!"

பிளாட்பார டிக்கெட் எடுக்காமல் நிலையத்துக்குள் கால் வைக்காத மனிதர். மனைவி போனதைவிட அது அவரை ஆட்டிவிட்டது. ரயிலின் கடைசிப் பெட்டி தூரத்தில் வளைந்தது. நான் காலுறையோடு நாலடி ஓடினேன், சரளைக்கல்லில் குத்தி நின்றேன். வேன் டிரைவரிடம் கொச்சி வரை துரத்தலாமா என்று கேட்டேன். "ரெண்டு மணிக்குக் கப்பல்ல ஏறணுமா? இந்த ரோட்டிலயா?" என்று சிரித்தார். அடுத்த ரயில் மத்தியானத்துக்கு மேல்தான்.

கிரேஸைக் கூப்பிட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன். எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நடந்தேன்.

7

மதியம் ஒரு மணிக்கு, ஒரு வாய்க்கால் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தபோது ஷைனி வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் துறைமுகம், வரிசை, அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர். சுவர் இல்லை, கப்பல்.

"அப்பா, அத்தை குழித்துறைல எறங்கிட்டாங்க. டிடிஆருக்கு முந்திரிக்கொத்து குடுத்தாங்க. அவரும் அத்தைகிட்ட படிச்சவராம்."

"சக்கை?"

"எக்ஸ்ரே மெஷின்ல போச்சு. நாலு ஆபீசர் வந்து பாத்தாங்க. ஒருத்தர் வெட்டச் சொன்னார். இப்ப அவங்க எல்லாரும் தின்னுட்டு இருக்காங்க." அவள் சிரிக்கவில்லை. "அப்பா, ஒண்ணு சொல்லணும். நான் கண்ணு மூடல. வீடியோ எடுத்துட்டு இருந்தேன். வண்டி நகந்ததும் செயின் இழுக்கப் போனேன். அம்மா என் கையப் பிடிச்சாங்க."

"ஏன்?"

"'விடு, பாப்போம்'னு சொன்னாங்க."

போன் கை மாறியது. கிரேஸ் முகம் வந்தது. ஊருக்கு வந்த நாளிலிருந்து கட்டிய புடவைகளில் அதுதான் நல்லது.

"வீடியோவப் பதினோரு தடவை பாத்தேன்" என்றாள்.

நான் சிப்ஸ் பொதியைச் சுவரில் வைத்தேன்.

"கண்ண மூடிக்கிட்டு நிக்கிய. இருபத்தஞ்சு வருசத்தில நான் கண்டதில்ல. நடிப்பா?"

"இல்ல."

"அப்பம் என்ன கேட்டிய?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். நல்ல பொய் ஒன்றும் பக்கத்தில் இல்லை.

"கால் நிக்கணும்னு கேட்டேன்."

கப்பலில் ஹாரன் ஒலித்தது.

"நின்னுதே" என்றாள். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று பார்க்கப் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். தெரியவில்லை. "இப்பம் எங்க இருக்கிய?"

"வாய்க்கால் பாலத்தில."

"வீட்டுக்குப் போகல."

"இல்ல."

"நெனச்சேன்." வரிசை நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். "நாங்க ஏறுறோம். வெள்ளிக்கிழமை காலையில இரணியல்ல எறங்குவோம். பிளாட்பாரத்தில நீங்க நிக்கணும். நின்னா மூணு பேரும் அயர்லாண்டு வீட்டுக்குப் போவோம். நிக்கலன்னா பாஸ்போர்ட்ட அத்தான் கையில குடுத்துட்டு நாங்க ரெண்டு பேரும் போவோம். அந்த ஒத்த ரூம் வீடு இப்பமும் காலியாத்தான் கெடக்கு."

"ஒண்ணா ஏறணும்னு சொன்னியே கிரேஸ்."

"ஏறுறது தப்பிப்போச்சு. எறங்குறதுக்காவது நில்லுங்க."

எங்கள் துறைமுக மேடையில் கப்பலைத் தவறவிட்டு நின்றவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் எல்லோரும் கடைசியில் ஏதாவது ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் எழுந்து திரும்பவும் நடந்தேன். அதுதான் என்னிடமுள்ள நோய்.

8

சாயங்காலம் குளச்சல் துறைமுகத்தில் இருந்தேன். அங்கே வர வேண்டும் என்று நினைத்து வரவில்லை. ஏலம் முடிந்து கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு விசைப்படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படகுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடே, வெறுதே நிக்கே? கடல் பழக்கமுண்டா?"

"கப்பல்ல இருந்திருக்கேன்."

"என்ன வேலை?"

"சலவை."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "எங்களுக்கு ஆரு சட்டை போடுகா, நீ சலவை செய்ய?" என்றார் அவர். "ஐஸ் ஒடைப்பியா?"

"ஒடைப்பேன்."

"அப்பம் ஏறு. ஒரு ஆளு கொறவு. பத்து நாளு."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை. என் இடது கால் தானாகப் படகின் விளிம்பில் போய் நின்றது. வலது கால் கரையில். படகு மெல்ல ஆடியது. ஐஸிலிருந்து புகை வந்தது. கடல் அப்போது நல்ல சாம்பல் நிறம். பத்து நாள் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். திங்கள், செவ்வாய், புதன் என்று விரலை மடக்கினேன். வெள்ளி ஐந்தாவது விரலில் வந்தது.

காலை எடுத்துக் கரையில் வைத்தேன்.

"என்னடே, பயமா?"

"ஆமா."

"கடலுக்கா?"

"பொண்டாட்டிக்கு."

"எங்களுக்கும் அதாண்டே. பின்ன எதுக்குக் கடலுக்குப் போறோம்?" என்று கயிற்றை அவிழ்த்தார்.

பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா முதலில் கஞ்சி ஊற்றினாள், பிறகு திட்டினாள், பிறகு ஒரு தாளை நீட்டினாள். கிரேஸும் பிள்ளையும் வரும்வரை நான் சும்மா இருக்கக் கூடாதென்று, எட்டு மணிக்கு வேன் வைத்துத் தினம் நான்கு வீடு, எல்லாவற்றிலும் நேரம் போட்டு எழுதியிருந்தாள். முதல் நாளே மூன்றாவது வீட்டில் நான் மதில் ஏறிக் குதித்துவிடுவேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. குதித்தால் எங்கே போய் நிற்பேன் என்பதுதான் தெரியாது.

9

மறுநாள் வேன் வருவதற்கு முன்னால் ரயில் நிலையத்துக்குப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்த இடத்துக்கு இப்போதே போய்விடுவது என்பதுதான் என் யோசனை. ஆனால் பிளாட்பாரத்தில் சும்மா நின்றால் ரயில் வரும். ரயில் வந்தால் என்னை நம்ப முடியாது.

நிலையத்துக்கு வெளியே பைக் நிறுத்துகிற ஸ்டாண்ட். அதன் காண்டிராக்டர் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். டோக்கன் கிழிக்கிற ஆளின் மகளுக்குப் பிரசவமாம், வெள்ளிக்கிழமை வரை லீவாம், மாற்று ஆள் இல்லையாம். போனை வைத்ததும் அவர் முன்னால் போய் நின்றேன்.

"நான் இரிக்கலாமா?"

"என்ன வேலை பாத்திருக்கிய?"

"கொறச்சு நெறய."

"இது அப்படி இல்ல கேட்டியளா. இதில வேலையே இல்ல. இந்தக் கசேரிய விட்டு எழும்பப்பிடாது, அதுதான் வேலை. போன தடவை ஒருத்தன் சாயா குடிச்சிட்டு வாறேன்னு போனான், வந்து பாத்தா ரெண்டு ஹெல்மெட்டக் காணல. எழும்புவியளா?"

"எழும்பாம இரிக்கத்தான் வாறேன்."

அவருக்கு அது புரியவில்லை. டோக்கன் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். நாற்காலி இரும்பு. அதன் ஒரு காலைக் கொட்டகைத் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

"கசேரி களவு போகாம இரிக்க" என்றார்.

"ரொம்ப நல்லது" என்றேன்.

உட்கார்ந்தேன். முதல் ஆளாக ஒரு இளைஞர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். தோளில் பை. டோக்கனைக் கிழித்துக் கொடுத்தேன். ரயில் வரும் சத்தம் கேட்டது. அவர் ஓடத் தொடங்கி, ஏதோ நினைவு வந்ததுபோல் திரும்பினார்.

"அண்ணே, நான் வெள்ளிக்கிழமைதான் வருவேன். அப்பமும் நீங்கதான் இருப்பியளா?"

"இருப்பேன்" என்றேன்.